கொழுக்கட்டைப் புல்லை ‘எருமைப் புல்’ ஆக்க வேண்டாம்

‘பஃபெல் கிராஸ்’ என்று ஒரு மேய்ச்சல் புல்லைப் பற்றி எங்கேயாவது படித்துவிட்டு அதைத் தமிழில் ‘எருமைப் புல்’ என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கம் மாடு வைத்திருக்கிற யாரிடமும் கேளுங்கள், கொழுக்கட்டைப் புல் என்பார்கள். தமிழ்ப் பெயர் அதுதான்.

எருமை எங்கிருந்து வந்தது என்றால், தென்னாப்பிரிக்காவிலிருந்து. அங்கே பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘பஃபெல்’ என்றால் அந்த ஊர்க் காட்டெருமை. சரி, அப்படியானால் மொழிபெயர்ப்பு தப்பில்லையே என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவில் ‘பஃபலோ கிராஸ்’ என்பது வேறு ஒரு புல், ஆஸ்திரேலியாவில் அதே பெயரில் வீட்டு முன்னால் புல்தரை போடுவது இன்னொரு புல். எருமைப் புல் என்று எழுதினால் மூன்றும் குழம்பிப் போகும், கடைசியில் தவறான விதைதான் கைக்கு வரும்.

தாவரவியல் பெயர் செங்க்ரஸ் சிலியாரிஸ். முதல் சொல்லுக்கு மூலம் சிறுதானியத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல், இரண்டாவதற்கு மூலம் கண்ணிமையைக் குறிக்கும் லத்தீன் சொல். கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தால் இமை மயிர் ஏன் என்று புரிந்துவிடும். விரல் நீளத்துக்குப் புசுபுசுவென்று இருக்கும், ஒவ்வொரு விதைக்கொத்தைச் சுற்றியும் மெல்லிய ரோமங்கள். முற்றிய கதிரை அடியில் பிடித்து இரண்டு விரலால் மேல்நோக்கி உருவினால் கொத்து முழுக்கக் கையோடு வந்துவிடும், செடியில் நெளிநெளியாக ஒரு காம்பு மட்டும் நிற்கும்.

கொழுப்பு, கொழுமை, கொழுத்த என்ற சொற்களில் இருக்கிற ‘கொழு’தான் எனக்கு இந்தப் பெயரிலும் கேட்கிறது. பருத்த அந்தக் கதிரைப் பார்க்கும்போது பிடிகொழுக்கட்டை நினைவுக்கு வராமல் இருக்காது. இதற்கு உறவான இன்னொரு புல் நீலக் கொழுக்கட்டை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்று வெளியிட்ட ரகம் அதுதான்.

கொங்கு நாட்டில் வேலி போட்டு வைத்திருக்கிற மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். அங்கே இந்தப் புல்தான் முதன்மை. சுற்றிக் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், அதில் காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும். கோடையில் செத்தது போலக் காய்ந்து கிடக்கும், ஒரு நல்ல மழை விழுந்தால் அதே தூரிலிருந்து துளிர்க்கும். வேர் ஆழமாகப் போவதால் வருகிற தாக்குப்பிடிப்பு இது.

வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது விதையின் வயது. அன்றன்று உருவிய விதை உறக்கத்தில் இருக்கும், சில மாதம் வைத்திருந்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ போதும். விதை பஞ்சு மாதிரி லேசு, காற்றில் பறக்கும், அதனால் மணலோடு கலந்து தூவி லேசாக மண் மூட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் வராது. வரிசையில் போடுவதானால் 50 செ.மீ. இடைவெளி. ஜூனிலிருந்து அக்டோபருக்குள் மழையைப் பார்த்து விதைக்கலாம். தண்ணீர் தேங்குகிற நிலம் மட்டும் ஆகாது. மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல்மசால் என்கிற பயறு வகைத் தீவனச் செடியைச் சேர்த்தால் தீவனத்தில் புரதமும் கூடும்.

கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவுக்கு 1870களில் ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த வைக்கோலாகப் போய்ச் சேர்ந்து, இன்று அங்கே பல இடங்களில் களையாகிவிட்டது. அரிசோனாவின் பாலைவனத்தில் இது காய்ந்து தீப்பிடித்தால் பெரிய கள்ளிகளும் சேர்ந்து கருகுகின்றன. நம் மண்ணில் இது காலங்காலமாக இருக்கிற புல், மாடும் ஆடும் மேய்ந்துகொண்டே இருப்பதால் அளவோடு நிற்கிறது.

விதைத்து 70, 75 நாளில் முதல் அறுப்பு எடுக்கலாம். மேய விடுவதானால் அவசரப்படாதீர்கள். முதல் வருடம் ஒரு தடவையாவது கதிர் விட்டு, முற்றி, விதை கீழே கொட்டட்டும், அப்புறம் மாட்டை அவிழ்த்து விடுங்கள்.