மாஸ் சேவ்: பில்லில் கட்டிய பணம் வீட்டுச் சுவருக்குத் திரும்பும் வழி

மாசசூசெட்ஸில் எவர்சோர்ஸ் அல்லது நேஷனல் கிரிட் நிறுவனத்திடம் மின்சாரம் வாங்குகிறீர்களா? அடுத்த பில்லை எடுத்து 'எனர்ஜி எஃபிஷியன்சி' என்ற வரியைப் பாருங்கள். மாதாமாதம் எல்லோரிடமும் வாங்கும் அந்தக் காசில்தான், வீட்டு மின்சாரச் செலவையும் சூடாக்கும் செலவையும் குறைக்க உதவும் மாஸ் சேவ் திட்டம் நடக்கிறது. காசைக் கட்டிக்கொண்டே திட்டத்தைத் தொடாமல் இருக்கும் நம் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

மின்சாரம் வாங்கித் தருவதைவிட மிச்சம் பிடிப்பது மலிவாக இருந்தால், மின் நிறுவனங்கள் முதலில் அதைத்தான் செய்ய வேண்டும் என்கிறது 2008-இல் வந்த மாநிலச் சட்டம். அதனால்தான் மின்சாரம் விற்கிறவர்களே அதைக் குறைக்கவும் வழி சொல்கிறார்கள்.

முதல் படி, வீட்டு ஆற்றல் பரிசோதனை. ஒன்று முதல் நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடங்களுக்கு இது இலவசம். வருகிறவர் அட்டிக் (கூரைக்கடியில் உள்ள பரண்), பேஸ்மென்ட், ஹீட்டர் எல்லாவற்றையும் பார்ப்பார். காற்றுக் கசிவைச் சோதிக்கும்போது, வாசல் நிலையில் துணியைக் கட்டி, நடுவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். அப்போது பிளக் பாயிண்ட் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று காற்று விரலில் படும். ஜனவரி முழுக்க காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று அதே இடுக்குகள் வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருந்தது.

சரி, என்ன கிடைக்கும்? ஒப்புதல் பெற்ற இன்சுலேஷன் (சூடு வெளியேறாமல் சுவரையும் அட்டிக்கையும் அடைக்கும்) வேலையின் செலவில் 75 சதவீதமோ அதற்கு மேலோ திட்டமே ஏற்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு முழுக்க இலவசமாகவே செய்து தருவதும் உண்டு. ஹீட் பம்ப் (மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் கருவி) போன்ற பெரிய செலவுகளுக்கு 25,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன் வாங்கலாம்.

பழைய வீடு வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவருக்குள் நூறு வருடத்துப் பீங்கான் குமிழ் வயரிங் ஓடினாலோ, அட்டிக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த வெர்மிகுலைட் (பழைய காலத்து இன்சுலேஷன் துகள்) கிடந்தாலோ, அதைச் சரி செய்யும் வரை இன்சுலேஷன் போட மாட்டார்கள்.

வாடகைக்கு இருப்பவர்களும் பரிசோதனைக்குக் கூப்பிடலாம். ஆனால் சுவரிலோ அட்டிக்கிலோ கை வைக்க வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். ஷ்ரூஸ்பரி, லிட்டில்டன் மாதிரி ஊரே மின்சாரம் வழங்கும் இடங்களில் மின் கணக்கை வைத்து மாஸ் சேவுக்குப் போக முடியாது. அந்த ஊர் மின் துறையிடமே என்ன சலுகை என்று கேளுங்கள். கேஸ் மட்டும் வேறு நிறுவனத்திடமிருந்து வந்தால், அந்தக் கணக்கை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், வரிசை முக்கியம். வேலையை முடித்துவிட்டு ரசீதோடு போகாதீர்கள். பரிசோதனையும் ஒப்புதலும் முதலில். கான்ட்ராக்டருக்கு முன்பணம் அதற்குப் பிறகு.