டிஸ்கவரி: மூடியைத் திறக்கும் சொல்

டிஸ்கவரி என்றால் கண்டுபிடிப்பு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் காண்பதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. லத்தீனில் 'கோஓபெரீரே' என்றால் மூடுதல். நாம் தினமும் சொல்லும் 'கவர்' அதன் வழி வந்ததுதான். முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் மூடியதைத் திறத்தல். பழைய பிரெஞ்சு வழியாக இது ஆங்கிலத்துக்குப் போனது.

தொடக்கத்தில் அங்கேயும் வெளிப்படுத்துதல், காட்டுதல் என்றே பொருள். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில், திரையை விலக்கிப் பேழைகளை இளவரசருக்கு 'டிஸ்கவர்' செய்யச் சொல்கிறாள் போர்ஷியா. காட்டு என்கிறாள், அவ்வளவுதான்.

அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை. சதுரங்கத்தில் குதிரையை நகர்த்தியதும் பின்னால் நின்ற யானை எதிரி ராஜாவுக்குச் செக் வைத்தால், அது 'டிஸ்கவர்ட் செக்'. யானை இருந்த இடத்திலேயே இருக்கிறது, மறைப்புதான் விலகியது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 11ஆம் கட்டளை பேசும் டிஸ்கவரியும் இதே வகைதான்: கைவசமுள்ள ஆவணங்களை எதிர்த்தரப்புக்குத் தெரியப்படுத்துவது.

இன்வென்ஷன் கதை இன்னும் வேடிக்கை. அதன் லத்தீன் மூலத்துக்கு 'எதிர்ப்படுதல்' என்று பொருள். ஒருகாலத்தில் அதுவும் கண்டெடுப்பதையே குறித்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலினா, இயேசுவின் சிலுவையைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படுவதைக் கொண்டாடிய மே 3 திருநாளுக்கு ஆங்கிலப் பெயர் 'சிலுவையின் இன்வென்ஷன்'! பிற்பாடுதான் இரண்டும் பிரிந்தன: உள்ளதை அறிவது டிஸ்கவரி, இல்லாததை உருவாக்குவது இன்வென்ஷன்.

தமிழில் நாம் இரண்டையும் கண்டுபிடிப்பு என்கிறோம். பேச்சில் தொல்லையில்லை, தொலைந்த பேனாவையும் திருடனையும்கூட அதே சொல்லால் கண்டுபிடிக்கிறோம். காப்புரிமை என்று வரும்போதுதான் இடிக்கிறது. இயற்கையில் ஏற்கெனவே உள்ள பொருளை அறிந்து சொன்னால் மட்டும் அது இன்வென்ஷன் ஆகாது என்கிறது 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3. இதைத் தமிழில் எழுதப் போனால் 'கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பு ஆகாது' என்று வந்து நிற்கும்.

எனவே டிஸ்கவரிக்குக் கண்டறிதல், இன்வென்ஷனுக்குப் புதுப்புனைவு. புனைவு என்றதும் கதை நினைவுக்கு வருகிறதுதான். ஆனாலும் புனைதலுக்கு உருவாக்குதல் என்ற பொருளும் உண்டு. புத்தாக்கம் என்பதை இன்னோவேஷனுக்கு விட்டுவிடலாம். 1781இல் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டறிந்தார். 1816இல் லேனெக் ஸ்டெதாஸ்கோப்பைப் புனைந்தார். பேனாவை வழக்கம்போலக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.