ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸ் ஆயிருமுங்களா?

பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிற மாமா ஒருவர் போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்குக் கூப்பிட்டார். பிளஸ் ஒன் படிக்கிற பையனின் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்திருக்கிறது. "ஏனுங் மாப்ள, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா கேஸ் ஆயிருமுங்களா? நாளைக்கு இவனுக்கு ஆரு பொண்ணு குடுப்பாங்க?" பதினாறு வயதுப் பையனுக்குப் பொண்ணு! சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் விஷயத்தை வருடக்கணக்கில் மூடி வைக்கிறார்கள். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டாக்டரிடம் போவதால் கேஸ் ஆகாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வருகிற மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே சேர்த்துச் சொல்கிறது. அதாவது சர்க்கரை, பிரஷர் மாதிரி இதற்கும் சிகிச்சை பெறுவது உரிமை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. நீதிமன்ற உத்தரவு, உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லிவிடுவார்களோ, பங்காளி வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று யோசித்துக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

சரி, ஏற்கெனவே போலீஸ் பிடித்துவிட்டால்? 18 வயது நிரம்பாதவன் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015 வந்துவிடும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருந்தான் என்கிற அளவு குற்றத்துக்கு, பெரியவர்கள் யாரும் கூட்டில் இல்லையென்றால், எஃப்.ஐ.ஆர். போடாமல் ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் விதி. பையனின் பெயர், படம், படிக்கும் பள்ளி எதையும் செய்தியில் போடக் கூடாது. அப்புறம் மாமா மாதிரி ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: வழக்கு முடிந்த பிறகு, நன்னடத்தைச் சான்றுக்காக என்று யார் கேட்டாலும் போலீஸ் அந்தப் பழைய பதிவை எடுத்துக் கொடுக்கக் கூடாது, 74-ஆம் பிரிவில் இருக்கிறது.

இன்னொரு கதவும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இன் 64ஏ பிரிவு. உபயோகித்த குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கிய அடிமைநோயாளி, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. இது வயது வந்த அண்ணனுக்கும் பொருந்தும். பாதியில் விட்டுவிட்டு ஓடினால் விலக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது 1 கிலோ வரை, ஹெராயினுக்கு 5 கிராம்தான். விற்றுப் பணம் பார்த்தவனுக்கு இந்தக் கதவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கே போவது? கோவை, திருப்பூர், பெருந்துறை, நாமக்கல், கரூர் என்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிற இடங்களிலெல்லாம் மனநலப் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு நேராகப் போகலாம், காசு கிடையாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14446-க்குப் பேசுங்கள், போதை மீட்புக்கான தேசிய இலவச எண். மனநல ஆலோசனைக்கு 14416. குடியையோ தூக்க மாத்திரையையோ ரொம்ப நாளாக எடுத்தவனை வீட்டுக்குள் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், டாக்டர் பார்வையில்தான் குறைக்க வேண்டும்.

அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் தனியார் 'ஹோம்'களை நான் நம்பமாட்டேன். பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டுவது சட்டப்படி தடை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சேர்த்தால் பெரியவர்களோடு போடக் கூடாது, இருக்கும் நாள் முழுக்கப் பெற்றோரோ வீட்டார் ஏற்பாடு செய்தவரோ கூட இருக்க வேண்டும். "விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொன்னால் பையனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு. சிறுவனுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவனுக்கு இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். ஸ்கூல் வாசலில் உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலம் விற்கிற பெட்டிக்கடைக்காரருக்கும் இது பொருந்தும். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதே தனிக் குற்றம். புகார் சொல்ல, மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் இலவச எண் 10581.

மாமா மறுநாள் தறியை நிறுத்திவிட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஊரில் கேட்டவர்களிடம் பல்வலி என்று சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, ஓ.பி. சீட்டு கையில் இருந்ததே போதும்.