ஆயிரம் லிட்டர் உள்ளே போனால் எத்தனை லிட்டர் வெளியே வரும்?

கட்டடக்கலை படிக்கும் வாசகி ஒருவர் சற்றுக் கோபத்தோடு எழுதியிருந்தார். ஊட்டியில் ஒரு பள்ளி வகுப்பறைக்குக் காற்றோட்டக் கணக்குப் போடுகிறாராம். “கட்டடத்தின் வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருள் ஓரிடத்தில் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கேட்கிறது. விடையில் வினாடிக்கு இத்தனை கிலோ என்கிறது. சந்துபொந்துகளில் கசியும் காற்றை மணிக்கு எத்தனை தடவை அறைக்காற்று மாறுகிறது என்றும் கொடுக்கலாமாம். ஃபேன் விற்பவரோ சி.எஃப்.எம். தவிர வேறெதுவும் பேசுவதில்லை. காற்று ஒன்றுதானே, அளவு மட்டும் ஏன் இத்தனை?”

பாதிக் கேள்விக்குப் பெருக்கல் வாய்பாடு போதும். வகுப்பறையில் ஆசிரியரைச் சேர்த்து 40 பேர். தரை 48 சதுர மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி., காற்றோட்டப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 தரநிலை வகுப்பறைக்கு ஆளுக்கு வினாடிக்கு 5 லிட்டர், அதோடு தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.6 லிட்டர் வெளிக்காற்று கேட்கிறது. மொத்தம் வினாடிக்கு 228.8 லிட்டர். ஃபேன்காரர் மொழியில் 485 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 485 கன அடி. அறையின் கொள்ளளவு 144 கன மீட்டர் என்பதால் காற்று மணிக்கு ஏறக்குறைய 5.7 தடவை மாறும்.

இதில் தவறு செய்வது சுலபம். நானே ஒருமுறை கன மீட்டர் கேட்ட கட்டத்தில் லிட்டர் எண்ணைத் தட்டிவிட்டேன். ஒரு சதுர மீட்டர் ஜன்னல் வழியாக வினாடிக்கு 228.8 கன மீட்டர் நுழைய வேண்டுமானால் காற்றின் வேகம் மணிக்கு 824 கிலோமீட்டர்; ஜெட் விமானத்தின் வேகம் அது. பிள்ளைகள் மேசையோடு பறந்திருப்பார்கள். மென்பொருள் முணுமுணுக்கக்கூட இல்லை. ஏ.சி. மட்டும் மிகப் பெரியதாக வேண்டும் என்று பவ்யமாகச் சொன்னது.

கிலோ கணக்குதான் எனக்குப் பிடித்த பகுதி. மே மாதம் சென்னையில் வெளியே 40 டிகிரி, ஏ.சி. போட்ட அறைக்குள் 24 டிகிரி. வெளியிலிருந்து 1,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்தால் எத்தனை லிட்டர் வெளியேறும்? ஆயிரம் என்றுதான் வாய் சொல்லும். விடை சுமார் 949. மீதி 51 லிட்டர் எங்கேயும் ஓடிவிடவில்லை, குளிர்ந்து சுருங்கிவிட்டது. 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் உலர்ந்த காற்று 1.127 கிலோ, 24 டிகிரியில் 1.188 கிலோ. கன அளவு வெப்பத்துக்கேற்ப நீளும், சுருங்கும். எடை அப்படியே இருக்கும்.

இதை மறந்து, நம் வகுப்பறையும் அதே சென்னை வெயிலில் இருப்பதாக வைத்து, உள்ளே வருவதும் வெளியே போவதும் 228.8 லிட்டர் என்று லிட்டருக்கு லிட்டர் சமன் செய்தால் என்ன ஆகும்? வெளியேறும் காற்று கனமானது. அதனால் வினாடிக்கு 14 கிராம் அறையிலிருந்து கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். அறையிலுள்ள மொத்தக் காற்றே 171 கிலோதான். கணக்கை அப்படியே நீட்டினால் காலை 9 மணிக்கு மணியடித்த வகுப்பறை, பகல் பன்னிரண்டரைக்குள் வெற்றிடமாகிவிடும்! மதிய உணவுக்கு ஒருவரும் எழுந்து போக முடியாது. அதனால்தான் எனர்ஜிபிளஸ் ஆனாலும், காற்றோட்டத்துக்கென்றே உள்ள கான்டாம் மென்பொருள் ஆனாலும், நாம் எதில் கொடுத்தாலும் உள்ளுக்குள் கிலோவாக மாற்றிக்கொண்டுதான் வரவு செலவைச் சரிபார்க்கின்றன. அடர்த்தி எங்கும் ஒன்றே என்று வைத்தால் இன்னொரு வினோதமும் நேரும்: சூடான காற்று மேலே ஏறாது. மாடிப்படிக் கூண்டின் உச்சியில் வைத்த திறப்பு, காற்றில்லாத நாளில் சும்மா கிடக்கும்.

லிட்டரைக் கிலோவாக்க அடர்த்தி வேண்டும். எந்த அடர்த்தி? இங்கேதான் ஊட்டி வருகிறது. ஏ.சி. வடிவமைப்பவர்கள் பலருக்கு 1.08 என்ற எண் மனப்பாடம்: சி.எஃப்.எம்.மை 1.08ஆலும் ஃபாரன்ஹீட் வெப்ப வித்தியாசத்தாலும் பெருக்கினால் மணிக்கு எத்தனை பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) என்று கிடைக்கும். அந்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 60 நிமிடம், காற்றின் வெப்ப ஏற்புத்திறன் 0.24, ஒரு கன அடிக் காற்றின் எடை 0.075 பவுண்டு. கடைசி எண் கடல்மட்டத்துக் காற்றினுடையது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 76 சதவீதம்தான். 1.08 அங்கே சுமார் 0.82 ஆகிவிடும். அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் ஊட்டியிலும் அதே லிட்டரைத் தள்ளும், ஆனால் கிலோவில் கால்பங்கு குறையும். எனர்ஜிபிளஸ் ஊரின் உயரத்தைப் பார்த்து, 20 டிகிரியில் அந்த உயரத்துக்குரிய அடர்த்தியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். விடைப் பட்டியலில் ‘நிலையான அடர்த்தியில்’, ‘தற்போதைய அடர்த்தியில்’ என்று இரண்டு கன அளவுகள் இருப்பதைப் பார்த்துக் குழம்பாதவர்கள் குறைவு. தாராளமாகக் குழம்பலாம், ஆனால் ஒன்றை எடுத்து மற்றொன்றோடு ஒப்பிடக் கூடாது.

அலகெல்லாம் சரியானாலும் கணினி மாதிரிக்குத் தீனியாகச் சரியான அளவீடுகள் வேண்டும். ஜன்னல் ஈசானிய மூலையில் இருக்கிறதா என்று பார்க்க ஆள் வைத்துப் பணம் கொடுக்கிறோம். அதே ஜன்னலில் கொசுவலை அடித்தபின் எவ்வளவு காற்று நுழைகிறது என்று அளக்க யாரும் பத்து ரூபாய் எடுப்பதில்லை. திறப்பு எவ்வளவு காற்றை விடும் என்பதைக் காட்டும் கெழு ஒன்று உண்டு; வெறும் திறப்புக்குரிய 0.6 என்ற கெழுவையே வலை போட்ட ஜன்னலுக்கும் எழுதிவைக்கிறார்கள். ஒரு ஃபேன், ஓர் அழுத்தமானி, பொறுமையுள்ள இரண்டு மாணவர்கள் போதும். ஆராய்ச்சி நிதி என் கையில் இருந்தால் முதல் காசோலை அவர்களுக்குத்தான்.

வாசகிக்கு இதையெல்லாம் எழுதிவிட்டு, கோப்பில் ஊரின் உயரம் என்னவென்று பார்க்கச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது: 16 மீட்டர். சென்னை விமான நிலையத்தின் வானிலைக் கோப்பை மாற்ற மறந்திருக்கிறார்.