யாழ்ப்பாணத்துக் காற்றுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

நுவரெலியா யாழ்ப்பாணத்தைவிடப் பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கிட்ட இருக்கிறது. அந்தக் கணக்கின்படி வெக்கை அங்கேதான் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் ஆண்டுச் சராசரியில் யாழ்ப்பாணம் 28 பாகை செல்சியஸ் அளவில் நிற்க, நுவரெலியா 16ஐ ஒட்டியே இருக்கிறது. 1,868 மீற்றர் உயரம், அதனால் குளிர் என்பது எல்லோருக்கும் தெரியும். மலையுச்சி சூரியனுக்குச் சற்றே கிட்டத்தானே, பிறகு உயரம் ஏன் குளிரைத் தர வேண்டும்?

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது கொஞ்சம்தான். வந்துசேரும் ஒளியில் பெரும்பங்கு காற்றை ஊடுருவிக்கொண்டு நிலத்திலும் கடலிலும் விழுந்து, அங்கேதான் வெப்பமாக மாறுகிறது. நிலம் சூடேறிய பிறகே அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சூடேறுகிறது. அது மேலே எழும்ப, குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தன் பங்குச் சூட்டை வாங்குகிறது. காற்றுக்கு அடுப்பு கீழே இருக்கிறது.

சரி, எழும்பிய காற்று அந்தச் சூட்டோடேயே மலைக்குப் போய்ச் சேரக் கூடாதா? சேராது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துச் செலவழிப்பதால் குளிர்ந்துவிடுகிறது. உலர்ந்த காற்றென்றால் கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை அளவு குறையும். ஈரத்தையும் சேர்த்து வளிமண்டலத்தின் சராசரியைப் பார்த்தால் 6.5 பாகை. நுவரெலியாவின் உயரத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள், 12 பாகை வரும். 28இல் 12 போனால் 16. வானிலையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வருவது அபூர்வம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஓர் ஊரின் சூட்டுக்கு, வானில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் முதற்காரணம், அதில் மாற்றமில்லை. ஏப்ரல் 15ஐ ஒட்டி நண்பகல் 12.10 வாக்கில் யாழ்ப்பாணத்தில் நட்ட கம்புக்கு நிழல் விழாது. டிசம்பரிலும் மத்தியானச் சூரியன் இங்கே அடிவானத்திலிருந்து 57 பாகைக் கோணத்தில் நிற்கும். லண்டனில் அப்போது 15 பாகைதான். சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது விழும் அதே அளவு ஒளி, அங்கே ஏறத்தாழ நான்கு மடங்கு நிலத்தில் பரவிப் போகிறது.

ஆனால் ஒளி சமமாக விழுந்தாலும் சூடு சமமாக இருப்பதில்லை. சித்திரை மத்தியானத்தில் மணற்காட்டுக் கரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, உலர்ந்த மணல் 50 பாகையையும் தாண்டிச் சுடும். பத்தடி தள்ளி அலை நனைத்த மணலில் கால் வைத்தால் சுகமாக இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பம் ஐந்து கிலோ உலர்மணலுக்குப் போதும். அதோடு, பகலில் ஏறும் சூடு மணலில் பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே நின்றுவிடும். கடலில் ஒளி கீழே இறங்குகிறது, அலையும் அதைக் கலக்கி விடுகிறது. குடாநாட்டில் எந்த ஊரும் கடலுக்கோ கடல்நீரேரிக்கோ தூரமில்லை. பெரும்பாலான நாட்களில் பகலுக்கும் இரவுக்கும் இடையே வித்தியாசம் 10 பாகைக்குள் அடங்குவது அதனால்தான். கடலின் பிடி எட்டாத சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க்கில் 1892இல் பூச்சியத்துக்குக் கீழே 67.8 பாகையும், 2020 ஜூனில் பூச்சியத்துக்கு மேலே 38 பாகையும் பதிவாகியிருக்கின்றன.

காற்று நின்ற இடத்தில் நிற்பதுமில்லை. வரும் வழியில் எதன் மேல் கிடந்ததோ அதன் குணத்தையும் கொண்டுவருகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உறவுக்காரர் இருக்கும் வீடுகளில் தை மாதத்துத் தொலைபேசிப் பேச்சிலேயே இது தெரிந்துவிடும். ரொறன்ரோ லண்டனைவிட எட்டு அகலக்கோட்டுப் பாகை தெற்கே இருக்கிறது. அப்படியிருந்தும் அங்கே ஜனவரிச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே, லண்டனிலோ 5 பாகைக்கு மேலே. இரண்டு ஊருக்கும் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வருகிறது. லண்டனுக்கு மேற்கே அத்திலாந்திக் சமுத்திரம், ரொறன்ரோவுக்கு மேற்கே உறைந்து கிடக்கும் கண்டம்.

நம் நாட்டுக்குள்ளேயே இதற்குக் கச்சான் காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது ஈரத்தை மழையாகக் கொட்டிவிடுகிறது. நீராவி மழைத்துளியாகும்போது விடும் வெப்பம் காற்றிலேயே தங்குவதால், ஏறும்போது அது மெதுவாகத்தான் குளிர்கிறது. ஈரம் போன பிறகு மறுபக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடி, கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை வீதம் சூடேறுகிறது. மட்டக்களப்புப் பக்கம் ஆனி, ஆடியில் முகத்தில் அடிக்கும் அனல் இப்படி மலை தாண்டி வந்த காற்று.

இதே கணக்கு ஒரு வளவுக்குள்ளும் உண்டு. வேம்பைத் தறித்துவிட்டு முற்றம் முழுக்கச் சீமெந்து போடுவதைப் பார்க்கும்போது மனம் நோகிறது. இலைகளிலிருந்து ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் செலவாகும். அதே லீற்றரை 30 பாகையிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோக 300கூடத் தேவையில்லை. மரம் நிழல் தருவதோடு, வந்த வெப்பத்தை இப்படிச் செலவழித்தும் விடுகிறது. சீமெந்துக்கு அந்த வழி இல்லை. பகலெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்கள் படுக்கப் போகும் நேரத்தில் அதை வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்குக் கொடுக்கிறது.