பெரியம்மா கேட்ட இரண்டு கேள்விகள்

போன மாதம் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில், பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் ஓர் அடுப்பைப் பற்றவைத்தேன். பார்க்க எவர்சில்வர் தூக்குப்பாத்திரம் மாதிரி இருக்கும். அடியில் சின்ன ஃபேன், அதை ஓட்ட ஒரு பேட்டரி. உள்ளே சுண்டுவிரல் கனத்தில் பெல்லட் குச்சிகள். கடலைத்தோல், கரும்புச்சக்கை போன்ற வயல் கழிவுகளை அரைத்து, அச்சில் அழுத்திச் செய்தவை. தண்ணீரில் ஒன்றைப் போட்டால் கல் மாதிரி மூழ்கும், அவ்வளவு இறுக்கம். மேலே இரண்டு கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன். கொஞ்சம் புகைந்தது. சில நிமிடங்களில் புகை அடங்கி, விளிம்பைச் சுற்றி கேஸ் அடுப்பு போல வட்டமாகச் சுடர் நின்றது.

பெரியம்மா குனிந்து பார்த்தார். “நல்லாத்தான் எரியுது கண்ணு. இந்த ஃபேன் போச்சுன்னா யாரு ரிப்பேர் பண்ணுவா? இந்தக் குச்சி தீர்ந்தா எங்க போய் வாங்குறது?”

அரசுப் பணத்தில் பிறந்த எரிசக்தி ஆராய்ச்சி எங்கே வழுக்கி விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் அடுப்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். விறகு அப்படியே எரிவதில்லை. சூடு ஏற ஏற அதன் எடையில் பெரும்பங்கு வாயுவாகக் கிளம்புகிறது. நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். மிஞ்சுவது கரி. வாயு முழுதாக எரியாமல் தப்பினால் அதுதான் புகை, நம் பாட்டிமார்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிய புகை. 1 கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். அதில் கால்வாசியை மட்டும் அடியிலிருந்து அளந்து கொடுத்தால் விறகு எரிந்து தீராது, எரியக்கூடிய வாயுவாக மாறும். இந்த அடுப்பின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

தீ வைப்பது மேலே. தீ மெல்லக் கீழ்நோக்கி இறங்குகிறது, ஃபேன் காற்று கீழிருந்து மேலே ஏறுகிறது. தீ தாண்டிப் போன இடத்தில் தகதகக்கும் கரி அடுக்கு நிற்கும். கீழே கிளம்பும் வாயு அந்தக் கரியைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். வரும் வழியில் அதிலிருக்கும் தார், அதாவது புகையில் வரும் பிசுபிசுப்பான பொருள், பெருமளவு உடைந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கொஞ்சம் மீத்தேனுமாக மாறுகிறது. விளிம்புத் துளைகள் வழியாக மிச்சக் காற்று அங்கே வந்து கலக்க, வாயு சுத்தமாக எரிகிறது. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குச் சேரும். இதில் ஏறக்குறைய பாதி சேர்கிறது. 600 கிராம் பெல்லட் ஒரு மணி நேரம் வரும்.

ஆனால் குச்சி ஈரமாக இருந்தாலோ, நொறுங்கித் தூளாகிக் காற்றை அடைத்தாலோ எல்லாம் கெட்டுவிடும். தீ சீராக இறங்காது, பழைய புகை திரும்பிவிடும். அப்படிப் பார்த்தால் இது பாதி அடுப்பு, பாதி பெல்லட்.

இந்த வகை அடுப்பு ஒன்று ஸ்ரீராம்புரத்திலிருந்து சில கிலோமீட்டரில்தான் வடிவம் பெற்றது. இந்திய அறிவியல் கழகம், பழைய ஆட்கள் வாயில் டாடா இன்ஸ்டிட்யூட். அங்கே 1974-ல் பேராசிரியர் அமுல்யா ரெட்டி கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்றே ‘அஸ்த்ரா’ மையத்தைத் தொடங்கினார். விண்வெளிப் பொறியியல் துறையின் எச்.எஸ். முகுந்தா, ராக்கெட்டில் எரிபொருள் எரிவதை ஆராயும் அதே கூடத்தில் விறகு வாயுவையும் ஆராய்ந்தார். ராக்கெட்டுக்கும் அடுப்புக்கும் கேள்வி ஒன்றுதான்: எரிபொருளும் அதை எரிக்கும் ஆக்சிஜனும் எங்கே, எந்த விகிதத்தில் சந்திக்கின்றன? அந்த வாயுவாக்க ஆராய்ச்சியைப் பல ஆண்டுகள் தாங்கியது அரசுப் பணம்.

ஒரு கண்டுபிடிப்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று அளக்க நாசாவில் பிறந்த அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 9 படி. முதல் படி வெறும் தத்துவம், ஒன்பதாவது நிஜ உலகில் ஓடி நிரூபித்தது. முதல் மூன்று நான்கு படிக்கு ஆராய்ச்சி மானியம் கிடைக்கும். கடைசிப் படிகளுக்கு வங்கியும் முதலீட்டாளரும் வருவார்கள். நடுவில் இருப்பதுதான் வறண்ட நிலம். ஆராய்ச்சித் துறைக்கு அது ‘வெறும் தயாரிப்பு வேலை’, வங்கிக்கு அது ‘இன்னும் சோதனை’. அந்த இடைவெளியை நிரப்ப நம் நாட்டில் அமைப்புகளே இல்லை என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத் தொழில்நுட்பங்களைத் தொழில் நிறுவனங்களுக்கு உரிமத்தில் கொடுக்க 1953-லேயே தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் வந்துவிட்டது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவரக் கடன் கொடுக்க 1996-ல் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் அமைந்தது.

இந்திய அறிவியல் கழகத்தின் அடுப்பு அந்த நிலத்தை வேறு வழியில் கடந்தது. பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபியோடு சேர்ந்து மெருகேறி, 2006-ல் ‘ஊர்ஜா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. பிறகு சிக்கல் வந்த இடம் பெல்லட். அதற்கான வயல் கழிவைத் தொழிற்சாலைக் கொதிகலன்களும் தேட ஆரம்பித்தன; நேற்றுவரை குப்பையாகக் கிடந்ததற்கு இன்று விலை. பெல்லட் விலை ஏறியது. 2009-ல் பிபி விலகியது. நிறுவனம் வேறு கைக்கு மாறி, ஹோட்டல், கேன்டீன் போன்ற பெரிய சமையலறைகள் பக்கம் திரும்பியது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க விலை கூடிய வணிக சிலிண்டர் இருந்ததால் கணக்குக் கட்டியது.

இதில் அடுப்பின் அறிவியல் எங்கேயும் பொய்க்கவில்லை. எரிபொருள் ஊர் ஊராகப் போய்ச் சேரும் வழிதான் அறுந்தது. அதனால் பெல்லட் ஆலையும் ரிப்பேர் தெரிந்த தெருமுனைக் கடையும் கண்டுபிடிப்பின் பாகங்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம். அடுப்பை வடிவமைக்கப் பணம் தரும் அரசுத் துறை, ஒரு தாலுகாவில் மூன்று ஆண்டு பெல்லட் தடையின்றிக் கிடைப்பதையும் அதே ஆராய்ச்சியாக எண்ணிச் செலவழிக்க வேண்டும். எத்தனை அடுப்பு கொடுத்தோம் என்று எண்ணுவதைவிட, இரண்டாவது மூட்டை பெல்லட்டை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணினால் நிஜம் தெரியும்.

மாடியில் சுடர் அடங்கியது. வாயு தீர்ந்து, அடியில் கரி மட்டும் தணலாகக் கிடந்தது. பெரியம்மா உள்ளே போய் ஒரு பெரிய கத்தரிக்காயில் எண்ணெய் தடவிக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். “சூடு இருக்கறப்பவே கொத்சுக்கு ஆச்சு,” என்றார். கால் மணி நேரத்தில் தோல் கருகி உரிந்து வந்தது.