அந்த நீலம் எந்த ஊர்?

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 'டேவிட் ஜாடிகள்' என்று ஒரு ஜோடி பீங்கான் ஜாடிகள் இருக்கின்றன. உயரம் சுமார் 63 செ.மீ. வெள்ளை உடம்பில் நீல டிராகன், கழுத்துக்கு இருபுறமும் யானைத்தலைக் கைப்பிடி. தாவோயிசம் என்ற சீனச் சமயத்தின் கோயில் ஒன்றுக்கு இவற்றைக் காணிக்கையாகக் கொடுத்தவரின் பெயரும், 1351ஆம் ஆண்டுக்குச் சமமான தேதியும் கழுத்திலேயே எழுதியிருக்கின்றன.

சீனக் கலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்த நீலம்தான். ஆனால் அதைத் தந்த கோபால்ட் தாது அன்றைக்குச் சீனச் சரக்கே இல்லை. மேற்காசியாவிலிருந்து, பெரும்பாலும் பாரசீகத்திலிருந்து வந்தது.

ஏன் கோபால்ட்? சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்தெஜென்னின் சூளைகளில் வெப்பம் 1300 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகிறது. கயோலின் களிமண் பாத்திரம் சரிந்துவிடாமல் தாங்குகிறது. பெரும்பாலான நிறங்கள் இதில் பிழைப்பதில்லை. கோபால்ட்டோ கண்ணாடிக்குள் கரைந்து, நான்கு ஆக்சிஜன் அணுக்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். மிச்சம் நீலம். மிகக் கொஞ்சமே போதும்.

தீட்டும்போது ஓவியரின் கண்ணுக்கோ அந்த நீலம் தெரியவே தெரியாது. சுடாத பாத்திரத்தின் மேல் அவர் தீட்டுவது மங்கிய சாம்பல் கறுப்பு. காய்ந்த சுண்ணாம்புச் சுவர் போல மண் சாயத்தை உடனே உறிஞ்சிவிடுவதால் அழித்துத் திருத்த வழியில்லை. மேலே கண்ணாடிப் பூச்சு ஏற்றிச் சூளையில் வைப்பார்கள். சூளை திறந்த பிறகுதான் நிறம் தெரியும்.

சரி, இந்தப் பாத்திரங்கள் யாருக்காக? மேற்காசியச் சந்தைக்காகப் பெரிய பெரிய தாம்பாளங்கள் செய்தார்கள். பலர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் வழக்கத்துக்கு அவை தோதானவை. சீனப் படிப்பாளிகளுக்கு இந்தப் பகட்டு பிடிக்கவில்லை. 1388இல் வெளிவந்த ஒரு கலை ரசனை நூல் நீல-வெள்ளைப் பீங்கானை மட்டமான ரசனை என்றே ஒதுக்கியது. பிறகு சீனாவை ஆண்ட மிங் வம்சத்தின் அரசவையே அதைத் தூக்கிப் பிடித்தது வேறு கதை.

ஊர் மாறினால் தாதுவும் மாறும். வெளியிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம், மாங்கனீசு குறைவு. சீனத் தாதுவில் மாங்கனீசு தூக்கல். நீலத்தில் சாம்பல் சாயல் தட்டும். பாத்திரத்தை உடைக்காமல் எக்ஸ் கதிர் பாய்ச்சி, இரண்டு உலோகங்களின் விகிதத்தை அளக்கலாம். 15ஆம் நூற்றாண்டினூடே மாங்கனீசு ஏறுவது அளவீடுகளில் தெரிகிறது. உள்ளூர்த் தாது கலக்கத் தொடங்கிய காலம் அது.

இரும்பு மிகுந்த சாயத்துக்கு ஒரு கோளாறு. தூரிகை சற்று நின்று சாயம் தேங்கிய இடத்தில், மிதமிஞ்சிய உலோகம் பூச்சின் மேற்பரப்புக்கு வந்து கறுப்புப் புள்ளியாக உறைந்துவிடும். 1426 முதல் 1435 வரையிலான, ஷுவாந்தே என்ற மிங் ஆட்சிக் காலத்துப் பாத்திரங்களில் இது நிறையவே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கோளாறே பழம்பெருமை ஆகிவிட்டது. அப்போது கையிலிருந்த சுத்தமான சாயம் தானாகப் புள்ளி விடாது. அதனால் மிங் பாணியைப் பின்பற்றிய கைவினைஞர்கள், தூரிகை நுனியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்திக் குத்தி வைத்தார்கள்.